நின்ற இடத்தில் ஆடும் லொறியும் டர்போவின் மேல் விழும் பழியும்

திருகோணமலை அநுராதபுரச் சந்திக்கு அப்பால் உள்ள ஒரு கராஜில், சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்னர், ஆறு சிலிண்டர் டர்போ இஞ்சின் பூட்டிய பழைய லொறி ஒன்று ஓடவிட்டபடி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பக்கக் கண்ணாடியில் தெரிந்த மின்கம்பம் ஒன்றாக நிற்காமல் இரண்டாக விலகி விலகிச் சேர்ந்துகொண்டிருந்தது. சீனக்குடாவிலிருந்து தம்புள்ளைக்கு மா மூட்டை ஏற்றும் அந்த லொறியின் உரிமையாளர் கிண்ணியாக்காரர். டர்போ போய்விட்டது என்று வேறொரு இடத்தில் சொன்னதை நம்பி, பழுதுபார்த்த டர்போ ஒன்றை வாங்கிப் பூட்டி இரண்டு கிழமை ஆகியும் லொறியில் ஒரு மாற்றமும் இல்லை என்பது அவருடைய முறைப்பாடு.

"நிண்ட இடத்தில ஆடுதா தம்பி, ஏத்தம் இழுக்கேக்க ஆடுதா?" என்று மூத்த மெக்கானிக் கேட்டார்.

"நிண்டா ஆடுது அண்ணன். ஏத்தத்தில ஆட்டம் இல்ல, ஆனா இழுக்குதும் இல்ல. கறுப்பாப் புகையும் தள்ளுது."

"அப்ப இது ஒரு வருத்தம் இல்ல, ரெண்டு."

அந்த ஒரு பதிலில் நோயறிதலின் பாதி முடிந்துவிட்டது என்பதே என் எண்ணம். ஏன் என்று புரிந்துகொள்ள, டர்போ என்ன செய்கிறது, என்ன செய்ய முடியாது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து எளிமையானது. டீசலை எரித்துப் பெறும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சைலன்சர் வழியே வீணாக வெளியேறுகிறது. வெளியேறும் அந்தச் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளினால், அதே அளவு சிலிண்டரில் கூடுதல் காற்று அடங்கும், கூடுதல் காற்றில் கூடுதல் டீசலை எரிக்கலாம். பாரம் இழுக்கும்போது லொறி டர்போ ஒன்றின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றையும் தாண்டும். இஞ்சின் ஐட்லிங்கில், அதாவது லொறி நகராமல் பாரமின்றிச் சும்மா ஓடியபடி, நிற்கும்போதோ வெளியேறும் வாயு சொற்பமாக இருப்பதால், அந்தத் தண்டு சும்மா சுழன்றுகொண்டிருக்குமே தவிர காற்றை அமுக்கும் வேலை எதையும் செய்வதில்லை என்றே சொல்லலாம்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமாகவே வருகின்றன. ஐட்லிங்கில் டர்போவுக்கு வேலை இல்லை, ஆகவே ஐட்லிங்கில் தோன்றும் ஆட்டத்துக்கு அது பொறுப்பாவது அரிது. அத்தோடு ஒரே டர்போ ஆறு சிலிண்டர்களுக்கும் ஒரே குழாயால் காற்று கொடுப்பதால், அது கெட்டால் ஆறும் சேர்ந்து பட்டினி கிடக்கும், ஒன்று மட்டும் பட்டினி கிடக்காது. ஆட்டம் என்பதோ சிலிண்டர்களுக்கிடையே சமன் கெடுவதால் வருவது. எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவாகப் பலவீனமாகினால் இஞ்சின் சோர்ந்துபோகும், ஆனால் ஆடாது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் ஆட்டத்தின் தன்மை இன்னும் தெளிவாகும். நான்கு அடிப்பு இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் நிற்கும் ஆறு சிலிண்டர் இஞ்சினில் அது செக்கனுக்கு 30 எரிப்பு, ஒரு மணித்தியாலத்துக்கு 108,000 எரிப்பு. அந்த ஒரு மணித்தியாலத்தில் இஞ்சின் ஒரு லீற்றர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு எரிப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய 9 கன மில்லிமீற்றர் மட்டுமே, அதாவது ஒரு நீர்த்துளியில் ஐந்திலொரு பங்கு. முழுப் பாரத்தில் இது 80 கன மில்லிமீற்றர் அளவுக்கு உயரும். இப்போது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நொசில் ஒன்று 2 கன மில்லிமீற்றர் பிழை விடுகிறது என்று கொள்வோம். ஐட்லிங்கில் அது ஐந்திலொன்றுக்கும் மேற்பட்ட பிழை, முழுப் பாரத்தில் வெறும் இரண்டரை வீதம். நின்ற இடத்தில் பேயாடும் லொறி ஏற்றத்தில் ஒழுங்காக ஓடுவதும், அதைக் கண்டு சாரதி "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று நம்பிக்கொண்டிருப்பதும் இதனால்தான். ஒரு சிலிண்டர் முற்றாகச் செத்துவிட்டால் செக்கனுக்கு ஐந்து தடவை ஒரு வெற்றிடம் விழும். ஸ்டியரிங்கில் கையை வைத்தால் எண்ணிவிடக்கூடிய வேகம் அது.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க அந்த மெக்கானிக் கையாண்ட முதல் முறைக்குக் கருவியே தேவைப்படவில்லை. குளிர்ந்திருந்த இஞ்சினை ஓடவிட்டு இரண்டொரு நிமிடத்தில், சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் வாயுவைச் சேர்த்துக் கொண்டுபோகும் எக்ஸோஸ்ட் மெனிபோல்டின் ஆறு கிளைகளிலும் விரலால் தண்ணீர் தெறித்தார். ஐந்து கிளைகளில் பட்ட துளி சீறி மறைந்தது. நான்காவது கிளையில் பட்ட துளி ஒரு கணம் தங்கி, சோம்பலாகக் காய்ந்தது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவர்களுக்கு ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுபோல இராது என்பது தெரியும். அங்கே அது அதிசயம், இஞ்சினில் அதுவே குற்றச்சாட்டு. எரியாத சிலிண்டரிலிருந்து சூடான வாயு வராது என்ற எளிய உண்மையே இச்சோதனையின் அடிப்படை. இப்போது துப்பாக்கி வடிவிலான வெப்பமானி எளிதாகக் கிடைக்கிறது, அது இலக்கத்தையே காட்டிவிடும்.

அடுத்து, நான்காவது நொசிலுக்குப் போகும் டீசல் குழாயின் நட்டை ஸ்பனரால் அரைச் சுற்றுத் தளர்த்தினார். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இஞ்சினின் சத்தம் மாறும், வேகம் விழும், ஆட்டம் கூடும். நான்காவதைத் தளர்த்தியபோது ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை, அதாவது அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை. இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. பழைய இயந்திரவகைப் பம்பிலேயே நொசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு, இருக்கும், ஆகையால் கண்ணுக்குக் கண்ணாடியும் குழாய்முனைக்கு மேல் துணியும் வேண்டும். 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும், எல்லா நொசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் கொமன் ரெயில் இஞ்சின்களில் இச்சோதனையைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே வைத்தியசாலைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம்.

சிலிண்டர் தெரிந்துவிட்டால் அதற்குள் எது கெட்டது என்பது அடுத்த கேள்வி. டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக அமுக்கும்போது அது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி, பனிபோலத் தூவப்படும் டீசலைத் தானாகவே பற்றவைக்கிறது. ஆகவே சந்தேகம் இரண்டே பக்கம்தான்: அமுக்கம் போதவில்லை, அல்லது தூவல் சரியில்லை. அமுக்கம் குறைவதற்கு வால்வு இடைவெளி, பிஸ்டன் வளையம், சிலிண்டர் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கட் என்று பல காரணங்கள் உண்டு; அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து பலவீனப்பட்டிருந்தால் அவற்றுக்கிடையே கஸ்கட் போயிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் இஞ்சினைத் திறப்பதற்கு முன்னர் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. நான்காவது நொசிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை நான்காவதில் போட வேண்டும். நோய் நொசிலோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் நொசிலில், மாறாமல் அங்கேயே நின்றால் சிலிண்டரில் அல்லது பம்பில். அந்த லொறியில் நோய் இடம் மாறியது. நொசிலைச் சோதனைக் கைப்பம்பில் பூட்டி அடித்துப் பார்த்தபோது, ஐந்து துவாரங்களில் மூன்றிலிருந்து மட்டும் மெல்லிய தூவல் வந்தது, முனையில் ஒரு துளி திரண்டு தொங்கியது. திரண்ட துளி எரிவதற்கு நேரம் எடுக்கும், ஐட்லிங்கில் அதற்கு அவகாசமே இல்லை. பாதி எரியாமல் வெளியேறும் அந்த டீசல்தான் காலையில் வெண்புகையாகக் கண்ணை எரித்திருக்கிறது.

முறையை இத்தனை நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் முழுமையாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய லொறிகள் எல்லாம் இன்னமும் பாரம் ஏற்றுகின்றன, ஊகத்தில் பாகம் மாற்றும் வழக்கமும் அவற்றோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது.

எல்லாச் சிலிண்டர்களையும் சேர்த்துக் குழப்பும் ஒரு நோயும் உண்டு, அது டீசலுக்குள் காற்றுப் புகுவது. தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலான குழாயில் டீசல் உறிஞ்சப்படுவதால், அங்கே உள்ள வெடிப்பு வழியே டீசல் வெளியே ஒழுகாது, வெளிக்காற்றே உள்ளே போகும். நிலத்தில் ஒரு சொட்டும் காணப்படாது, ஆனால் இஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்கும். அக்குழாயில் ஒரு துண்டு ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தினால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். நம்முடைய மாரிகாலத்தில் பாதி நிரம்பிய தாங்கியில் ஈரம் படிந்து தண்ணீர் சேர்வதும் இதைப் போன்றதே, பில்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து பார்த்தால் போதும்.

இனி இரண்டாவது வருத்தம். இழுவை இல்லாமையைப் பார்க்கும்போது புகையின் நிறம்தான் நல்ல சாட்சி. இழுக்கவில்லை, ஆனால் கரும்புகையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை: அடைத்த பில்டர், உறிஞ்சும் குழாயில் காற்று. இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது என்றால் டீசல் இருக்கிறது, காற்றில்லை. காற்று எங்கே போனது என்று தேட, டர்போவிலிருந்து, அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் றப்பர் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவினாலே போதுமாயிருந்தது. கிளிப்புக்கு அருகே விரல் நீளத்துக்கு ஒரு கருவரி, கந்தளாய் வீதிப் புழுதியும் எண்ணெயும் குழைந்து ஒட்டியிருந்தது. காற்றோடு சேர்ந்து கசியும் எண்ணெய் ஆவியில் புழுதி ஒட்டுவதால் கசிவு தன் முகவரியைத் தானே எழுதிவிடுகிறது. 30 பாகைக் காற்றை வளிமண்டல அழுத்தத்தின் இரு மடங்குக்கு அமுக்கினால் அது 120 பாகை வரை சூடேறும், அந்தச் சூட்டில் பல வருடம் கிடந்த றப்பர் வெடிப்பதில் வியப்பில்லை. நின்ற இடத்தில் வெடிப்பு மூடியிருக்கும், பாரத்தில் அழுத்தம் ஏறியதும் உதடுபோலத் திறக்கும். கண்ணால் பார்த்துவிட்டு "குழாய் நல்லம்" என்று சொல்லிவிடுவது ஆகையால் மிக எளிது. குழாய் வழியை மூடி, டயருக்கு அடிக்கும் காற்றைச் சிறிதளவு கொடுத்து, சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பதே நம்பத்தகுந்த வழி. கடலோரம் ஓடும் லொறிகளில் இன்டர்கூலரின் அலுமினியத்தையும் உப்புக்காற்று அரிக்கும், அதையும் இதே நுரையால் சோதிக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இத்தகைய டர்போ இஞ்சின்கள் பலவற்றில், காற்றின் அழுத்தத்தை உணர்ந்து அதற்கேற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சவ்வு பம்பின் மேல் இருக்கும். காற்றுக் கசிந்தால் அது டீசலையும் குறைத்துவிடுவதால், கரும்புகை இவ்வளவு வரக்கூடாது. மெக்கானிக் அதைத் திறந்து பார்த்தார். இழுவை கூடட்டும் என்று யாரோ அதன் திருகை முழுவதும் திருப்பிவைத்திருந்தார்கள். காற்றில்லாத இஞ்சினுக்கு டீசலை ஊட்டினால் கிடைப்பது புகையும், மிதமிஞ்சிய வெளியேற்றச் சூடும்தான்.

டர்போ ஒருபோதும் கெடாது என்பதல்ல. தண்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் உணரத்தக்க ஆட்டம் இருப்பது, சக்கரத்தின் இறகு உறையில் உரசிய தடம், பாரத்தில் நீலப்புகை ஆகியன உண்மையான அறிகுறிகள். அங்கும் காற்று பில்டர் அடைத்திருப்பதாலோ, டர்போவிலிருந்து எண்ணெய் வடியும் குழாய் அடைத்திருப்பதாலோ நல்ல டர்போவே எண்ணெய் கக்கும் என்பதால், அவற்றைப் பார்த்த பின்னரே கழற்ற வேண்டும். உரிமையாளர் இருக்கைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய டர்போவை எடுத்து வந்தார். தண்டைச் சுண்டியபோது அது உரசலின்றிச் சுழன்று நின்றது. அசைத்தபோது எண்ணெய்ப் படலத்துக்கு வேண்டிய சிறு இடைவெளிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

நொசிலுக்குப் புதிய முனையும் செப்பு வளையமும், ஒரு றப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும்தான் அன்றைய செலவு. சவ்வின் திருகைப் பழைய அடையாளத்துக்குத் திருப்பி, அதன் மேல் மஞ்சள் வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டார் மெக்கானிக், அடுத்தமுறை யாராவது திருப்பினால் கோடு முறிந்து தெரிய வேண்டும் என்பதற்காக. கண்ணாடியில் மின்கம்பம் ஒன்றாக நின்றது. அன்று பின்னேரமே மா ஏற்றிப் போன லொறி கந்தளாய் தாண்டிய ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறியதாக மறுநாள் தொலைபேசியில் சொன்ன உரிமையாளர், பழைய டர்போவை யாராவது வாங்குவார்களா என்றும் கேட்டார்.