டவர் லைனுக்குக் கீழே டியூப் லைட் எரிவது ஏன்?

உயர் மின்கோபுரங்களை எதிர்த்து விவசாயிகள் போராடும்போது, ஒயர் எதுவும் இணைக்காத டியூப் லைட்டை லைனுக்கு நேர் கீழே தூக்கிப் பிடித்துக் காட்டுவார்கள். இருட்டில் அது மங்கலாக எரியும். தர்மபுரியில் 765 கிலோவோல்ட், ஓசூரில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் இருப்பதால், விளைநிலத்துக்கு மேலே லைன் போகும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. லைட்டையே எரிய வைப்பது நம் உடம்பை என்ன செய்யும் என்று அவர்கள் பயப்படுவது நியாயம்தான்.

மின்னழுத்தம் உள்ள கம்பியைச் சுற்றி மின்புலம், அதாவது மின்விசை செயல்படும் பகுதி, இருக்கும். 400 கிலோவோல்ட் லைனுக்கு அடியில் மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் வரை அது இருக்கலாம். நாலடி டியூப் லைட்டை அதில் நிறுத்தினால் இரு முனைகளுக்கும் இடையே சில ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரும். உள்ளே இருக்கும் வாயு ஒளிர மிகச் சிறிய மின்னோட்டமே போதும். நம் உடம்போ மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் புலம் தோலோடு பெரும்பாலும் நின்றுவிடும். உள்ளே போவது வெளியே இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுச் சுவர், கூரை, மரம் எல்லாமே மின்புலத்தை நன்றாகத் தடுக்கும்.

ஆனால் வேலி வேறு விஷயம். கல் தூணிலோ காய்ந்த மரக்கட்டையிலோ கட்டிய முள்கம்பி, லைனை ஒட்டியே நீளமாகப் போனால் அதில் மின்னூட்டம் ஏறும். ஈரக்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். தகரக் கொட்டகை, ரப்பர் டயரில் நிற்கும் டிராக்டரிலும் இப்படி வரலாம். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது: எலக்ட்ரீஷியனை வைத்து வேலிக்கும் கொட்டகைக்கும் முறையாக எர்த் கொடுக்க வேண்டும். நீள வேலிக்கு ஒரே இடத்தில் கொடுத்தால் போதாது, இடைவெளி விட்டுப் பல இடங்களில் கொடுக்க வேண்டும்.

உண்மையில் உயிரை எடுப்பது, வேலியில் நாமே திருட்டுத்தனமாக விடும் கரண்ட். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. லைனைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதையும் ஊரில் பேச வேண்டும்.

அப்புறம் காந்தப்புலம். இது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தால் வருகிறது. சுவரும் தடுக்காது, உடம்பும் தடுக்காது. பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸில் 200 மைக்ரோ டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). லைனுக்குக் கீழே நின்றாலும் பொதுவாக அதில் சிறு பங்குதான் இருக்கும். ஓடும் மிக்ஸியை ஒட்டி நின்றாலும் அந்தச் சிறு பங்கு அளவு வரும், ஆனால் இரண்டடி தள்ளினாலே வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி முழுதாக முடிந்துவிடவில்லை. வீட்டில் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் இருக்கும் குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் காட்டின. அதை வைத்து உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002இல் இந்தக் காந்தப்புலத்தை ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. காரணம் இதுதான் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

லைன் போவதால் நிலத்தின் விலை விழுகிறது, மாவும் தென்னையும் வைக்க முடிவதில்லை. அதற்கு முழு இழப்பீடு கேட்பது விவசாயியின் உரிமை. அதைக் கேட்க டியூப் லைட் தேவையில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள், இடம் இருந்தால் லைனிலிருந்து தள்ளியே கட்டலாம். காந்தப்புலம் தூரம் கூடக் கூட வேகமாகக் குறையும். நூறு மீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் வீட்டு ஒயரிங்கிலிருந்து வரும் அளவை நெருங்கிவிடும்.