பிஸ்மத் வினையூக்கி

பினாங்கில் படிவம் 4 மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறியவர்கள் பலர். வினையூக்கிக்கு மலாயில் ‘மங்கின்’ என்று பெயர். பழைய மலாயில் அது ‘மேலும் மேலும்’ என்ற பொருளில் வழங்கியது. தமிழ்க் காதுக்கோ மங்குவதாகவே கேட்கிறது. வினை மங்கிப்போகும் என்று ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து வெண்பலகையில் ‘மங்கின்’ பக்கத்திலேயே வினை + ஊக்கி என்று பிரித்து எழுதுகிறேன். வினையை ஊக்கும், தான் தீர்ந்துபோகாது. ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் 1835இல் கிரேக்க வேர்களிலிருந்து அமைத்த ‘கேட்டலிசிஸ்’ (வினையூக்கம்) என்ற சொல்லுக்கு ‘அவிழ்த்தல்’ என்பதே அடிப்பொருள். நம் சொல் அதைவிடத் தெளிவானது.

வினையூக்கியாகப் பயன்படும் உலோகங்களில் ஒன்று பிஸ்மத். இப்பெயர் ஜெர்மன் சொல்லான ‘விஸ்முட்’டிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கனிமவியலாளர் அக்ரிகோலா அதை இலத்தீனாக்கினார். ஈயத்தோடு நெடுங்காலம் குழப்பப்பட்ட இவ்வுலோகத்தை 1753இல் பிரெஞ்சுக்காரர் ஜெஃப்ராய் வேறுபடுத்திக் காட்டினார். தமிழ் அகராதிகள் இதற்கு ‘நிமிளை’ என்கின்றன. அழகான சொல்தான். ஆனால் சித்த மருத்துவத்தில் அது ஒரு கனிமத்தின் பெயர். தனிமத்துக்குப் பிஸ்மத் என்பதே குழப்பமில்லாதது.

அணு எண் 83. அட்டவணையில் இதற்கு முன்னே பாதரசம், தாலியம், ஈயம், பின்னே பொலோனியம். அத்தனையும் நஞ்சு. நடுவில் நிற்கும் இதன் உப்பையோ வயிற்றுக்கோளாறுக்கு இளஞ்சிவப்பு மருந்தாக விழுங்குகிறார்கள்!

கரிமத் தொகுப்பில், அதாவது கரிமச் சேர்மங்களை உருவாக்கும் வேலையில், பழகிய வினையூக்கியான அலுமினியம் குளோரைடு ஈரக்காற்று பட்டாலே புகையும். அசைலேற்ற வினையில் (ஒரு சேர்மத்தோடு அசைல் தொகுதியை இணைக்கும் வினை) உருவாகும் கீட்டோன் என்னும் விளைபொருள் அதைப் பிடித்துக்கொள்வதால், மோலுக்கு மோல், அதாவது மூலப்பொருளுக்கு ஈடான அளவில், அதைக் கொட்ட வேண்டும். முடிவில் நீரூற்றிச் சிதைத்தால் மிஞ்சுவது அமிலக் கழிவு. அனிசோல் போன்ற கரிமச் சேர்மத்தை அசைலேற்ற, பிஸ்மத்தின் உப்பான பிஸ்மத் டிரைஃபிளேட் மோல் கணக்கில் சில விழுக்காடு போதும். மற்றோர் உப்பான பிஸ்மத் நைட்ரேட்டோ நிறமற்ற படிகம். திறந்த மேசையிலேயே எடை போடலாம். நான்கைந்து படிகங்களை நீரில் போட்டால் நீர் பால்போல் வெளுத்துவிடும். எலக்ட்ரான் இணையை ஏற்கும் லூயிஸ் அமிலங்கள் இவை. ஏற்றதை எளிதில் விட்டும் விடுவதால்தான் சிறிதளவே மீண்டும் மீண்டும் வேலை செய்கிறது.

இவற்றைப் ‘பசுமை வினையூக்கி’ என்று எழுதுகிறார்கள். பிஸ்மத்தில் பெரும்பகுதி ஈயம் முதலிய உலோகங்களைச் சுத்திகரிக்கும்போது துணைப்பொருளாகக் கிடைப்பது. சுரங்கத்தையும் கணக்கில் சேர்த்தால் அந்தப் பசுமை குறைகிறது. ஆகவே என் வகுப்பில் இதற்கு ‘மென்மையான வினையூக்கி’ என்றே எழுதவைக்கிறேன்.