‘ஃபர்ஸ்ட் பாஸ்ட் த போஸ்ட்’: தமிழில் என்ன சொல்வது?

ஓட்டு எண்ணும் நாளில் சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றால் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “எத்தனை ஓட்டு வித்தியாசம்?” ஜெயித்தவர் பதிவான ஓட்டில் எத்தனை சதவீதம் வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. நம் தேர்தல் முறைக்கு வித்தியாசம் மட்டும் போதும். ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தாலும் வெற்றிதான். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் பாஸ்ட் த போஸ்ட்’ என்று பெயர். முதல் பொதுத்தேர்தலிலிருந்து இதில்தான் ஓட்டுப் போடுகிறோம். ஆனாலும் நாலு பேர் வாயில் புழங்கும் தமிழ்ப் பெயர் அதற்கு இன்னும் அமையவில்லை.

சொல் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ‘போஸ்ட்’ என்பது பந்தயம் முடியும் இடத்தில் நட்டிருக்கும் கம்பம். அதை முதலில் தாண்டிய குதிரைக்கு வெற்றி. ஆனால் இந்த உவமை தேர்தலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பந்தயக் கம்பம் ஓரிடத்தில் நிற்கும். நம் தேர்தலில் அப்படிக் கம்பமே கிடையாது. 60 சதவீதம் வாங்கியும் ஜெயிக்கலாம், எதிரில் ஓட்டுகள் சிதறினால் 30 சதவீதத்திலும் ஜெயிக்கலாம். உண்மையிலேயே கம்பம் நட்டிருப்பது பிரான்ஸின் அதிபர் தேர்தலில்தான். பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுபடி ஒரு சுற்று உண்டு.

‘முதலில் வந்தவர் வெற்றி’ என்று பெயர்த்தால் ரேஷன் கடை வரிசைதான் நினைவுக்கு வரும். அடுத்து, ‘பெரும்பான்மை முறை’. எனக்கு மனம் ஒப்பாத சொல் இதுதான். இலக்கண உரையாசிரியர்கள் பெருவழக்கைப் பெரும்பான்மை என்றும் அருகி வருவதைச் சிறுபான்மை என்றும் சொன்னார்கள். மொத்தத்தில் பெரும் பகுதி என்பதே அதன் பொருள். நூறு ஓட்டு 35, 33, 32 என்று பிரிந்தால் 35 வாங்கியவர் ஜெயிப்பார்; 65 பேர் அவருக்குப் போடாதவர்கள். இதைப் பெரும்பான்மை என்று எழுதினால் அந்த 65 பேரையும் அந்தச் சொல்லே மறைத்துவிடுகிறது.

‘முந்தியவர் வெற்றி முறை’ என்பதே என் தேர்வு. முந்துவதற்குக் கம்பம் வேண்டாம், பக்கத்தில் ஓடுபவரைவிட ஓரடி முன்னால் இருந்தால் போதும். எண்ணிக்கை நாளில் ‘முன்னிலை’ என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டே இருப்பதும் இதைத்தானே.

முந்துவதால் என்ன ஆகும் என்பதற்கு 2014 மக்களவைத் தேர்தலைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத ஓட்டில் 39 இடங்களில் 37 பிடித்தது. கிட்டத்தட்ட 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓரிடம்கூட இல்லை. ‘ஓட்டைப் பிரிச்சிட்டான்’, ‘ஓட்டை வீணாக்காதே’ என்று நாம் சொல்வதெல்லாம் இந்த முறை பெற்றெடுத்த பேச்சு. தேர்தலுக்கு முன்பே கூட்டணி பேச வேண்டியிருப்பதும் இதனால்தான்.

எதிர்முறையின் பெயர் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். பிரதிநிதி வடசொல், ஒருவருக்குப் பதிலாக வைக்கப்பட்டவர் என்று பொருள். பேராளர், சார்பாளர் என்ற தமிழ்ச் சொற்கள் உண்டு. ஆனால் முழுத்தொடரையும் ‘பங்குமுறை’ என்றே சுருக்கிவிடலாம் என்பது என் எண்ணம். ஓட்டில் எவ்வளவு பங்கோ, இடத்திலும் ஏறத்தாழ அவ்வளவு பங்கு. இலங்கைத் தமிழருக்கு இது அன்றாட விஷயம். கட்சிக்கு ஒரு புள்ளடி (பெருக்கல் குறி) போட்டு, அப்புறம் அந்தக் கட்சி வேட்பாளர்களில் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்கு அளிப்பார்கள். 225 இடங்களில் 196 மாவட்டவாரியாகவும் 29 நாடு முழுவதும் கட்சிகள் வாங்கிய ஓட்டின்படி தேசியப் பட்டியலிலும் நிரம்பும்.

நமக்கும் இது அந்நியமில்லை. ‘34 எம்.எல்.ஏ. இருந்தால் ஒரு ராஜ்யசபா சீட்’ என்று கட்சிக்காரர்கள் போடும் கணக்கு பங்குமுறைதான். ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்றால் ஒன்றைக் கூட்டி 234ஐ ஏழால் வகுக்க வேண்டும். 33 சொச்சம் வரும், ஆகவே 34 பேர். எம்.எல்.ஏ.க்கள் வாக்குச்சீட்டில் 1, 2 என்று விருப்ப வரிசை எழுதுவார்கள். தேவைக்கு மேல் விழுந்த ஓட்டு அடுத்த விருப்பத்துக்கு மாறும். அதனால் ‘ஒற்றை மாற்று வாக்கு’ என்று பெயர்.

சரி, முந்தியவர் முறையில் நல்லதே இல்லையா? உண்டு. ரோடு சரியில்லை என்றால் போய் நிற்க ஒரு எம்.எல்.ஏ. இருக்கிறார், அவர் யாரென்று ஊருக்கே தெரியும். இதை நான் குறைத்து மதிக்கமாட்டேன். ஆனால் இந்த முறையில் தொகுதியின் எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதும் முடிவை மாற்றும். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் சாயங்காலம் நின்றால் சேலம் நகரத்து விளக்குகள் காலடியில் தெரியும். அங்கே நிற்கும் ஏற்காட்டுக்காரரின் எம்.பி. தொகுதியோ கள்ளக்குறிச்சி.

சட்டமன்றத்துக்கு ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவை இரண்டே, மற்றது சேந்தமங்கலம். தனித்தொகுதி என்றால் யார் போட்டியிடலாம் என்பதற்குத்தான் வரம்பு, ஓட்டு எல்லோருக்கும் உண்டு. ஏற்காடு தொகுதி மலையிலிருந்து இறங்கி வாழப்பாடி வரை விரிகிறது. வாக்காளர்களில் பெரும்பான்மையோர், இங்கே அந்தச் சொல் பொருந்தும், சமவெளியில் இருப்பவர்கள். சேர்வராயன் மலை ஓட்டு முழுவதும் ஒரே வேட்பாளருக்கு விழுந்தாலும், கீழே அவர் முந்தாவிட்டால் தோற்றுவிடலாம்.