ஆறாத புண்ணை ஏன் மறுபடி கீறுகிறோம்?

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு அக்கா வந்தார். கொழுந்து பறிப்பவர், வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். மூன்று மாதமாக அப்படியே இருக்கிறதாம். வலியே கிடையாது. சர்க்கரை வியாதி எட்டு வருடமாக.

விரித்து வைத்துப் பார்த்தேன். ஈரமான ரப்பர் பூட்ஸுக்குள் நாள் முழுக்கச் சரிவில் நின்ற கால். புண்ணைச் சுற்றித் தோல் மஞ்சளாகத் தடித்து, விரல் நகத்தால் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்த்திருந்தது. நடுவில் வெளிறிய, வழுவழுப்பான சதை. மேலே யாரோ சொல்லிப் போட்ட காப்பித்தூளின் கறுப்பு. பாதத்தில் நாடி நன்றாகத் துடித்தது, எக்ஸ்ரேயில் எலும்பும் சுத்தம். சரி என்று பிளேடை எடுத்துக் காய்ப்பைச் சீவி, அடியில் இருந்த செத்த சதையையும் சுரண்டினேன். ஓரமெங்கும் சிவப்பாக ரத்தம் துளிர்த்தது.

கூட வந்த மகன் பதறிவிட்டார். "என்ன டாக்டரம்மா, சின்னதா இருந்த புண்ணைப் பெருசாக்கிட்டீங்களே!"

இந்தக் கேள்வியை மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவசரத்தில் அங்கே முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நம் தோலுக்கு அடியில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் இருக்கின்றன. புண் குழியை நிரப்பும் புதுச் சதைக்குக் கொலாஜன் நார் நெய்பவை இவைதான். சாதாரண நாட்களில் இவை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து பெருகாமல் ஓய்வில் கிடக்கும். வெட்டுப் பட்டு ரத்தம் உறையும்போதுதான் இவற்றுக்குச் சேதி போகிறது. அந்தச் சேதியை முதலில் கொண்டு வருபவை ரத்தத் தட்டணுக்கள். உறையும் நேரத்தில் அவை தங்களுக்குள் பொட்டலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை, அதாவது செல்களைப் பெருகத் தூண்டும் புரதங்களை, வெளியே கொட்டுகின்றன.

இது தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆய்வகத் தட்டில் செல்களை வளர்ப்பவர்கள், உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றினால் செல்கள் பெருகுவதையும், உறையாத ரத்தத்தின் பிளாஸ்மாவை ஊற்றினால் சும்மா கிடப்பதையும் கவனித்தார்கள். வித்தியாசம் தட்டணுக்கள் கொட்டிய சரக்கில் இருந்தது. 1974-இல் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின. பி.டி.ஜி.எஃப். என்று இன்று சொல்லும் காரணி அதுதான். அதற்கு முன்பே, ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் போட, அவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கண் திறந்தன. அந்தச் சாற்றில் இருந்தது இ.ஜி.எஃப். என்ற வேறொரு காரணி. இந்த வகை ஆராய்ச்சிக்காக அவருக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சேதி செல்லுக்குள் எப்படிப் போகிறது? பி.டி.ஜி.எஃப். செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்லின் மேற்பரப்பில் சேதியை வாங்க நிற்கும் புரதங்களான ஏற்பிகள் இரண்டைப் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்து வைக்கிறது. சேர்ந்த உடனே அவை உள்பக்க வால்களில் ஒன்றுக்கொன்று பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டல்தான் உள்ளே இருப்பவர்களுக்கு அடையாளம். ராஸ் என்ற புரதம் விழிக்கிறது. அது ராஃப் என்ற அடுத்த புரதத்தை எழுப்ப, ராஃப் மெக்கை எழுப்ப, மெக் எர்க்கை எழுப்புகிறது. எர்க் செல்லின் கருவுக்குள் போய், பிரிவதற்கான மரபணுக்களை இயக்கத் தொடங்குகிறது. பக்கத்திலேயே இன்னொரு பாதை, செல் சாகாமல் பார்த்துக்கொள்கிறது.

அப்புறம் நடப்பதுதான் எங்களுக்கு முக்கியம். சைக்ளின் டி என்ற புரதம் சேர்ந்து சேர்ந்து, செல் பிரிவதைத் தடுத்து நிற்கும் ஆர்.பி. என்ற காவலைத் தளர்த்த வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதுவரை வளர்ச்சிக் காரணி விடாமல் இருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் செல் பழையபடி ஓய்வுக்குப் போய்விடும். காவல் தளரும் அந்த எல்லையைக் கடந்துவிட்டால் பிறகு காரணி தேவையில்லை, செல் தானே டி.என்.ஏ.வை நகலெடுத்து இரண்டாகும்.

அந்த அக்காவின் காலில் சேதி அறுந்துகொண்டே இருந்தது. ஆறாத நாட்பட்ட புண்ணில் ஊறும் நீரில் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்திருக்கும். அவை வளர்ச்சிக் காரணிகளையே தின்றுவிடும். ஓரத்தில் இருக்கும் செல்களில் பலவும் மூப்படைந்து, எவ்வளவு கூப்பிட்டாலும் பிரியாத நிலையில் இருக்கும். சர்க்கரையும் சேர்ந்து கெடுக்கிறது. அந்தக் குப்பையை எடுத்து, நல்ல சதை வரை போய், கொஞ்சம் ரத்தம் துளிர்க்க வைத்தால், புதுத் தட்டணுக்கள் வந்து புதுச் சேதி தரும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா குறுக்கிட்டார். "கவாத்து வெட்டுற மாதிரியா டாக்டரம்மா? வெட்டுனாத்தானே கண்ணு துளிர்க்கும்." அன்றிலிருந்து எல்லோரிடமும் நான் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று: வீட்டில் தயவுசெய்து பிளேடை எடுக்காதீர்கள். பாதத்தில் ரத்த ஓட்டம் இல்லாத காலை வெட்டினால் அது ஆறாது, அழுகும். நாடி பார்த்த பிறகே நாங்கள் கை வைக்கிறோம்.

வீட்டில் செய்யும் வேறு சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பார்ப்பது வேண்டாம். அது கிருமியோடு ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் சுடுகிறது. "காத்தாட விடு, காயட்டும்" என்பதும் சரியில்லை. ஈரப்பதத்தோடு மூடிய காயத்தில் தோல் வேகமாக மூடுகிறது என்று 1962-லேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் காட்டிவிட்டார். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று நிறுத்துவது எனக்கு உண்மையிலேயே மனதை வருத்தும் விஷயம். கொலாஜன் நெய்யப் புரதம் வேண்டும், வைட்டமின் சி வேண்டும். முட்டையும் கொய்யாவும் கொடுங்கள். பனி நாட்களில் உணர்ச்சி மரத்த காலை அடுப்புப் பக்கம் நீட்டாதீர்கள். சுட்டதே தெரியாமல் கொப்புளத்தோடு வருபவர்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன்.

அட்டை கடித்தால் மணிக்கணக்கில் ரத்தம் கசிவதும் இதே கதைதான். அட்டையின் எச்சிலில் இருக்கும் ஹிருடின் போன்ற பொருள், த்ராம்பின் என்ற உறைதல் நொதியைத் தடுத்துவிடுகிறது. த்ராம்பின் இல்லாமல் ரத்தம் உறையாது, தட்டணுக்களை உசுப்பும் வலுவான தூண்டுதலும் இல்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். புகையிலை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

வளர்ச்சிக் காரணியையே ஜெல்லாக விற்கிறார்களே, அதைப் பூசலாமா என்று கேட்கிறார்கள். பி.டி.ஜி.எஃப். ஜெல்லுக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது. சுத்தம் செய்த, ரத்த ஓட்டம் உள்ள, அழுத்தம் நீக்கிய புண்ணுக்கு உதவும். காய்ப்பின் மேல் பூசினால் காசுதான் கரையும். புற்று இருக்கும் இடத்தில் பூசவே கூடாது. பல புற்றுநோய்களில் ராஸ் போன்ற புரதங்கள் யாரும் கூப்பிடாமலே விழித்து நிற்கின்றன. அதற்கு மேலும் தூண்டுதல் வேண்டாம்.

அந்த அக்காவுக்கு ஜெல் எதுவும் போடவில்லை. வாரம் ஒரு முறை சீவினேன், மருந்துக்கட்டுப் போட்டேன், முன்பாதத்தில் பாரம் விழாத செருப்பு கொடுத்தேன், சர்க்கரைக்கு இன்சுலின் தொடங்கினோம். நாலு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. அப்படி வராத சர்க்கரைப் புண்ணை, ஆறிவிடும் என்று வீட்டில் காத்திருக்காமல் மறுபடி காட்டுங்கள்.

பதினோராவது வாரம் வந்து காலைத் தூக்கி மேசையில் வைத்தார். இளஞ்சிவப்பாக மெல்லிய தோல். மகன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "இப்பத் தொட்டா தெரியுதாம்மா?" என்றார். "இல்லப்பா, இன்னும் மரத்துத்தான் கெடக்கு" என்றார் அவர். செருப்பை மாற்ற வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.