ஒட்டக் கூடாத பசை

ரைஃபிள் பழுதுபார்ப்பவர் எபாக்சி பசையைக் குழைத்து வைத்திருக்கிறார். ஊற்றுவதற்கு முன், பசை படப்போகும் எஃகின் மேல் இண்டு இடுக்கு விடாமல் மெழுகு பூசுகிறார். பசை ஒட்டிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. ஒட்டிக்கொண்டால் துப்பாக்கியைக் கட்டையிலிருந்து பிரிக்கச் சுத்தியலைத் தேட வேண்டியதுதான்.

குழலும், தோட்டாவை உள்ளே வைத்துப் பூட்டும் 'ஆக்‌ஷன்' பகுதியும் எஃகு. அவை உட்காரும் கட்டை பெரும்பாலும் மரம். எத்தனை கவனமாகக் குடைந்தாலும் நடுவில் மயிரிழைச் சந்து இருக்கும். திருகாணியை முடுக்கும்போது எஃகு அந்தச் சந்தின் மேல் வளைகிறது. தொலைநோக்கியும் அதே ஆக்‌ஷன்மீதுதான் இருப்பதால், எல்லாம் சேர்ந்து சாய்ந்தால் குறி பெரிதாகக் கெடாது. சுடச்சுட வளைவு மாறிக்கொண்டே இருப்பதுதான் தொல்லை. தோட்டா குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் குழல் மீட்டிய தந்திபோல அதிர்கிறது. கட்டையில் எஃகு உட்காரும் விதம் மாறினால் அதிர்வும் மாறும். ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு பிசகினால் போதும், 100 மீட்டரில் தோட்டா 29 மில்லிமீட்டர் தள்ளிப்போய் விழும்.

பசை அந்தச் சந்தை நிரப்பி, எஃகின் வார்ப்பாகவே இறுகுகிறது. ஆக்‌ஷனுக்கு அடியில் பின்னுதைப்பை வாங்கிக் கட்டைக்குக் கொடுக்கும் முளை ஒன்று உண்டு. அதன் பின்முகம் மட்டும் பசையில் அழுந்த வேண்டும். முன்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டிவைத்து, இறுகியபின் உரித்துவிடுவார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் முளை வேறெங்காவது முட்டி நிற்கும்.

வேலை தேறியதா என்று பார்க்க, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்திவிட்டு ஒரு திருகாணியைத் தளர்த்துவார்கள். முள் சட்டென்று நகர்ந்தால், எஃகு இன்னும் வளைந்துதான் கிடக்கிறது என்று பொருள். மறுபடி குழைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கதவு இறுகுவதுபோலக் கட்டையும் ஊதும். மென்மையான மரமென்றால் உதையில் நசுங்கவும் செய்யும். மரத்தை நம்பியிருந்த காலத்தில் நசுங்கலுக்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கு மென்மையான கோச்வுட் மரத்தைப் பயன்படுத்தியது. உதை விழும் இடத்தில் மரம் நசுங்காதிருக்கச் செப்புத் தகடு பதித்தார்கள்.

இன்று பலர் குழல் கட்டையைத் தொடவே கூடாது என்பார்கள். இடையில் காகிதத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பழைய ரைஃபிளிலோ சுருள்வில் வைத்த சிறு குமிழ் ஒன்று குழலை அடியிலிருந்து எப்போதும் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருந்தது.