மேட்டில் நிற்கும் ஆட்டோமேட்டிக் கார்

மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேட்டுப்பாளையம் பட்டறைக்கு வரும் சில கார்களுக்கு என்ன கோளாறு என்பதை பானெட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம். கருகல் நாற்றம் முன்னால் வந்துவிடும். போன சீசனில் அப்படி வந்த சென்னைக்காரர் ஒருவர், "ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்சே கிடையாதேண்ணே, அது எப்படிப் போகும்?" என்றார். இறக்கிக் காட்டினேன். கிளட்ச் தட்டு ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது.

ஊட்டி மலைப்பாதையில் பர்லியாறுக்கு மேலே நெரிசல். முன்னால் நின்ற பஸ் நகரும்வரை, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை மேட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார். அதுதான் வினை.

அவருடையது ஏஎம்டி வகை ஆட்டோமேட்டிக். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம் இடது காலும் கையும் செய்கிற வேலையை மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது. மிதிதான் இல்லை, கிளட்ச் இருக்கிறது. ஆக்சிலேட்டரால் தாங்கிப் பிடித்தால் அது பாதி பிடித்தபடி உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு கிளட்ச் உள்ள டிசிடி வகை வண்டிகளிலும் இதே கதை. பலவற்றில் சூடேறியதும் மீட்டரில் எச்சரிக்கை வரும்.

டார்க் கன்வர்ட்டர் என்கிற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்கில் இந்த உரசல் கிடையாது, எண்ணெய் வழியாகத்தான் விசை போகிறது. ஆனால் எண்ணெய் சூடாகும். சமதளத்தில் பிரேக்கை விட்டதும் தானாக ஊர்ந்து போகிற அந்த விசை, செங்குத்தான மேட்டில் போதாது. முன்னால் போகிற 'டி'யில் இருந்தாலும் வண்டி பின்னால் வரும். ஹில் ஹோல்ட் என்கிற வசதி இருந்தால் பிரேக்கிலிருந்து கால் எடுத்தபின் இரண்டு மூன்று விநாடி பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், அதை நம்பி போனை எடுக்காதீர்கள். அது இல்லாத வண்டியா? ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல மிதியுங்கள். வண்டி முன்னால் போகத் திமிறுவது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள்.

அப்புறம் பார்க்கிங். 'பி'யில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் விரல் அளவு இரும்புப் பல் ஒன்று அங்குள்ள பல்சக்கரத்தின் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. சரிவில் நேராக 'பி' போட்டுக் காலை எடுத்தால் காரின் மொத்தப் பாரமும் அந்தப் பல்லின் மேல்தான். காலையில் லீவரை இழுக்கும்போது 'டக்' என்று ஒரு அடி கேட்குமே, அது அதன் முனகல்தான். பிரேக்கை மிதித்து நியூட்ரலான 'என்', அடுத்து ஹேண்ட்பிரேக், காலை மெதுவாகத் தளர்த்தி வண்டி அதில் உட்காரட்டும். திரும்ப மிதித்து 'பி'.

பெரும்பாலான ஏஎம்டியில் 'பி' கிடையாது. மேடு பார்த்து நின்றால் 'டி', பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸான 'ஆர்'. கியரில் வைத்தே எஞ்சினை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் எப்படியும் வேண்டும். கூடவே லாரிக்காரர்கள் மாதிரி டயருக்கு ஒரு கல்லும் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள், இருட்டில் பைக்கில் வருகிறவர்களுக்கு அது தெரியாது.