புதுச் செடிக்கு ஒரு மாதம் தனி இடம்

வீட்டுத் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு செடி வாங்கினால் அன்றைக்கே அதை மற்ற செடிகளுக்கு நடுவே வைத்துவிடாதீர்கள். ஒரு மாதம் தனியாக வையுங்கள். பொள்ளாச்சிக்கும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீட்டுத் தோட்டங்களையும் தோப்புகளையும் பார்த்து, பூச்சி நோய்க்கு வழி சொல்வது என் தொழில். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், இந்தப் பக்கம் கோபாலபுரம், ஆனைமலை என்று சுற்றிக்கொண்டிருப்பேன். என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் எப்போது ஆரம்பித்தது, எங்கே ஆரம்பித்தது என்று விசாரித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் ஆசையாக வாங்கி வந்த ஏதோ ஒரு தொட்டியில்தான் போய் நிற்கும்.

நம் பக்கத்தில் செடி வாங்குவது ஒரு பிரியமான பழக்கம். திருச்சூர் வரை போனவர்கள், நர்சரிகள் நிறைந்த மண்ணுத்தியில் வண்டியை நிறுத்தாமல் திரும்புவது அபூர்வம். ரம்புட்டான், மங்குஸ்தான், ஹெலிகோனியா, ஆந்தூரியம், அலோகேசியா என்று டிக்கி நிறைந்துவிடும். கொரோனாக் காலத்துக்கு அப்புறம் கூரியரிலும் செடி வருகிறது. சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தினாலும் இலையைத் திருப்பிப் பார்ப்பவர் யாருமில்லை. வெளிநாட்டுச் செடிகளுக்குத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் இருக்கின்றன. 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும், 2003இல் வந்த இறக்குமதி ஆணையும் உண்டு. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு வரும் ஒரு பூந்தொட்டிக்கு அந்தக் காவலை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீடு. வாசலிலிருந்து கிணறு வரை தென்னைக்கடியில் ஹெலிகோனியா வரிசை, பார்க்கவே அழகு. வீட்டம்மா என்னைக் கூப்பிட்டது தென்னைக்காக.

"எல எல்லாம் கருத்துப்போச்சுங்க தம்பி. ஏதாச்சும் நல்ல மருந்தா எழுதிக் குடுங்க, அடிச்சு உட்டுறலாம்."

"மருந்து இருக்கட்டும்ங்க்கா. இந்தப் பூச்செடி எப்ப வாங்குனீங்க?"

"அது போன ஆடியில வாங்குனதுங்க. அதுக்கும் தென்னைக்கும் என்னங்க சம்பந்தம்?"

ஹெலிகோனியா இலையைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளையாக, வட்ட வட்டமாகச் சுருள் கோடுகள். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ முட்டையிட்ட தடம் அது. இந்த ஈ சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். அது கீழே உள்ள இலைகளின் மேல் படிந்து, அதில் கரும்பூசணம் வளரும். மக்கள் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கருப்புதான்.

இந்த ஈக்கு, 2004இல், மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் பிடித்த பூச்சிகளை வைத்துத்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள். 2016இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது நம் பொள்ளாச்சித் தென்னையில். அவ்வளவு தூரம் தானாகப் பறந்து வந்திருக்க முடியாது. ஏதோ ஒரு செடியின் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். வந்து இறங்கியதும் மீதி வேலையைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பார்த்துக்கொண்டது. தென்னை, வாழை, கொய்யா, சீத்தா, கல்வாழை, அலங்காரப் பனைகள் என்று எதிலும் உட்காரும்.

அந்த அக்காவிடம் மருந்து வேண்டாம் என்றேன். என்கார்சியா என்ற ஒரு பொடிக் குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. வெள்ளை மெழுகுக்கு நடுவே கருத்த புள்ளிகளாகக் குஞ்சுகள் தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். கடுமையான பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஈ திரும்பவும் பெருகிவிடும். இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது, தேவைப்பட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து தெளிப்பது போதும். கரும்பூசணம் உதிர, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சி அடிக்கலாம். காய்ந்ததும் பசையோடு சேர்ந்து உரிந்து விழும். கல்வாழையைப் பிடுங்கிப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வதில்லை. ஈ தங்கும் அதே கல்வாழையில்தான் குளவியும் பெருகுகிறது. தோப்பு ஓரத்தில் கொஞ்சம் இருப்பது நல்லது.

ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது நத்தை. ராட்சத ஆப்பிரிக்க நத்தை, கேரளப் பக்கம் ஒச்சு. 1847இல் மொரிஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டதில் தொடங்கியது இந்தியாவில் அதன் கதை. கேரளத்தில் அதைப் பதிவு செய்த ஆரம்ப இடங்களில் நம் பாலக்காடும் ஒன்று, 1970களிலேயே இருந்தது. ஒரே நத்தைக்குள் ஆண் பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஒரு தடவைக்கு நூற்றுக்கும் மேலே முட்டையிடும். முட்டைகள் ஜவ்வரிசி அளவில், வெளுத்த மஞ்சளில், தொட்டி மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்தில் கொத்தாகக் கிடக்கும். வாங்குகிறவருக்கு அது தெரிய வழியில்லை. கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள்ளே தூங்கும். மாதக்கணக்கில் அல்ல, தேவைப்பட்டால் வருடக்கணக்கில். ஜூனில் முதல் மழை விழுந்ததும் கிளம்பும். நாம் நர்சரிக்குக் கிளம்புவதும் அதே ஜூனில்தான்.

பப்பாளி, வாழைக்கன்று, கீரை, ஆர்க்கிட், எதையும் விடாது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை என்பதால் வெள்ளையடித்த சுவரையும் சுரண்டித் தின்னும். கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவரில் இரவு டார்ச் அடித்தபோது சுவரே நகர்ந்தது.

இதில் உடல்நலச் சிக்கலும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போகின்றன. அங்கிருந்து மனிதருக்கு வந்தால் மூளைச்சவ்வு அழற்சி வரலாம். கேரளத்தில் குழந்தைகளுக்கு இது வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நத்தையை வெறுங்கையால் தொட வேண்டாம். குழந்தைகள் எடுத்து விளையாட விடவே கூடாது. நத்தை நடமாடும் தோட்டத்துக் கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாக வேண்டாம்.

பிடிப்பது எளிது. சாயங்காலம் நனைத்த சாக்குப்பையை விரித்து அதனடியில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை போட்டு வையுங்கள். விடிவதற்குள் கூடியிருக்கும். கையுறை போட்டு எடுத்து, கல்லுப்பை நிறையக் கரைத்த வாளியில் போடுங்கள். உப்பை மண்ணின் மேல் தூவுவது நம் ஊர்ப் பழக்கம். தயவுசெய்து நிறுத்துங்கள், மண் கெட்டுப்போகும், அடுத்த செடி வேர் பிடிக்காது. செத்த நத்தையை ஓட்டை நொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். முழு ஓடு வெளியே கிடந்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். எண்ணிக்கை மிஞ்சிப்போனால் கேரளத்தில் பரவலாகப் பரிந்துரைக்கும் கலவை ஒன்று உண்டு: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில், ஒரு லிட்டராகச் சுண்டும் வரை கொதிக்கவைத்து வடிகட்டுவது, 60 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தனியாக ஒரு லிட்டரில் கரைப்பது, இரண்டையும் சேர்ப்பது. இதை நத்தை மேலும் சுவரோரத்திலும் தெளிக்கலாம். இளம் இலையில் பட்டால் கருகும். கிணற்றுக்கும் மீன் தொட்டிக்கும் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. கடையில் விற்கும் நத்தைக் குருணை மருந்தை நாயும் குழந்தையும் உள்ள வீட்டுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை.

மாவுப்பூச்சியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2008இல் கோவையில் கண்டுபிடித்த பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தி, கொய்யா, மல்பெரி என்று எல்லாவற்றையும் மொய்த்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. 2020இல் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தது. அதற்கும் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. மாவுப்பூச்சி பெரும்பாலும் குச்சியோடுதான் ஊர் விட்டு ஊர் போகிறது. யாராவது மரவள்ளிக் குச்சியோ செம்பருத்திக் குச்சியோ கொடுத்தால், கணுவிடுக்கில் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எறும்பு வரிசையாக ஏறி இறங்கினாலும் சந்தேகப்படுங்கள், மாவுப்பூச்சியின் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது.

வாழைக்கன்று வேறு கதை. முடிக்கொத்து நோய் பிடித்த வாழைக்கு வைத்தியம் கிடையாது. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கும்; இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் விட்டு விட்டு ஓடும். குலை தள்ளாது. பழனி மலைச்சரிவில் விருப்பாட்சி வாழையை அழித்ததில் இந்த நோயை உண்டாக்கும் நச்சுயிருக்கு (வைரஸ்) பெரிய பங்கு உண்டு. பரப்புவது ஒரு கருப்பு அசுவினி. நோய் வந்த மரத்தை அப்படியே வெட்டினால் அசுவினி பக்கத்து வாழைக்குப் போய்விடும். முதலில் அசுவினியைக் கொல்ல மருந்தடித்து, பிறகு கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கன்று எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் தாய் மரத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். நச்சுயிர்ச் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது.

கொய்யா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யாத் தோட்டங்களை வாட்டிய வேர்முடிச்சு நூற்புழு கண்ணுக்குத் தெரியாது, நர்சரி மண்ணிலேயே வரும். இலை செம்பு நிறமாகி, உரம் போட்டாலும் செடி தேறாமல் நின்றால் ஒரு சல்லிவேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அதுதான். அப்புறம் அந்த மண்ணில் கத்தரியும் மிளகாயும்கூட உருப்படியாக வராது. வேப்பம் புண்ணாக்கும், சுற்றிலும் செண்டுமல்லியும் புழுவைக் குறைக்கும், முற்றாக ஒழிக்காது.

சரி, தனி இடம் எப்படி இருக்க வேண்டும்? தோட்டத்திலிருந்து தள்ளி, நிழலான ஒரு மூலை. தொட்டி மண்ணைத் தொடாமல் ஒரு ஸ்டாண்டின் மேலோ சிமெண்ட் தரையிலோ இருக்கட்டும். வந்த அன்றே ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாருங்கள். ஒரு கை லென்ஸ் இருந்தால் நல்லது. தொட்டியின் அடி ஓட்டைகளைப் பாருங்கள், நத்தைக் குஞ்சு அங்கேதான் ஒளிந்திருக்கும். தொட்டியை மண் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி ஒரு வாளியில் அரை மணி நேரம் இறக்கி வைத்தால் எறும்பும் நத்தையும் மேலே வந்துவிடும். வாரம் இரண்டு முறை பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு மாதம் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் முட்டையிலிருந்து வளர்ந்து முழுப்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நத்தை முட்டை அதற்கு முன்பே பொரித்துவிடும். வாங்கிய அன்று கண்ணில் படாதது அதற்குள் வெளியே வந்துவிடும். நூற்புழு மட்டும் இப்படிக் காத்திருப்பதால் வெளிப்படாது, அதற்கு வேரைத்தான் பார்க்க வேண்டும்.

அலோகேசியா, ஹெலிகோனியா போன்றவற்றுக்கு நர்சரி மண்ணை உதறி, வேரைக் கழுவி, உங்கள் சொந்த மண்கலவையில் மாற்றிவிடலாம். மங்குஸ்தானுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். அதன் வேர் மிகவும் மென்மையானது, மண்கட்டி உடைந்தால் செடி மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும், சில சமயம் செத்தே போகும். பையை மெதுவாகக் கிழித்து, கட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே நடுங்கள். உதறிய மண்ணைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம். நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீனால் இறுக்கி மூடி, சித்திரை வெயிலில் ஒரு மாதம் விட்டால் மறுபடி பயன்படுத்தலாம்.

செடியே வில்லங்கமாகிவிடுவதும் உண்டு. மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடேலியாவை வரப்போரம் நட்டவர்கள் இன்றைக்குப் பிடுங்கி மாளாமல் நிற்கிறார்கள். வாய்க்கால் ஓரம் உள்ளவர்கள் அதை வாங்கவே வேண்டாம்.

சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் கேரளப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊராட்சியின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் காட்டுங்கள். பட்டாம்பியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் தோட்டக்கலைத் துறை அலுவலகம், தென்னைக்கு ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம். முதலில் இலையின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக் காட்டுங்கள், பல சமயம் அதுவே போதும். இலையையே கொண்டுபோக வேண்டியிருந்தால் ஜிப் கவரில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்துவிட்டு எடுத்துப் போங்கள். உயிரோடு உள்ள பூச்சியைப் பஸ்ஸில் பத்து ஊர் தாண்டிக் கொண்டுபோக வேண்டாம்.